பன்னிரண்டு துளைச் செருகுவாய்: பழைய கார்களின் எஞ்சின் கணினியும் அதன் தரவும்

1980களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விற்ற கார்களில், டாஷ்போர்டின் அடிப்பகுதியில் பன்னிரண்டு துளைகள் கொண்ட ஒரு சிறிய செருகுவாய் பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சினை ஆளும் கணினி ஒவ்வொரு கணமும் எதை அளக்கிறது, அதை வைத்து எரிபொருளை எவ்வளவு கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்ற விவரங்கள் அந்தச் செருகுவாயின் ஒரே ஒரு கம்பி வழியாக எண்களாக வெளியேறிக்கொண்டிருந்தன. பின்னாளில் பழுதுபார்ப்புத் தொழிலின் அடிப்படைக் கருவியாகவே மாறிவிட்ட இந்த நேரலைத் தரவு, கார் உரிமையாளரையோ தெருமுனை மெக்கானிக்கையோ மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டதன்று. முதலில் தொழிற்சாலை தன் வசதிக்காக அதை அமைத்துக்கொண்டது. பின்னர் காற்று மாசைக் கட்டுப்படுத்த முனைந்த அரசு அதைக் கட்டாயமாக்கியது. மெக்கானிக்கும் ஆர்வலரும் மூன்றாவதாகத்தான் அதற்குள் நுழைந்தனர். பழைய கார் ஒன்றின் கணினியைப் படிக்க முயல்பவர் இன்றும் சந்திக்கும் இடர்களில் பெரும்பாலானவை இந்த வரிசை முறையிலிருந்து பிறந்தவையே.

எஞ்சினுக்குள் கணினி நுழைந்த கதை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் காற்றில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் கண்களை எரிக்கும் புகைமூட்டம் அந்நகரைச் சூழ்ந்தபோது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாகையால், பகைவர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்று கூடச் சிலர் அஞ்சினர். பாசடீனாவில் உள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சுக்கார வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், அந்த ஆய்விலிருந்து புகைமூட்டத்தின் பக்கம் திரும்பி, வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் நிறுவிக் காட்டினார். கலிபோர்னியா காற்றுவள வாரியத்தை அமைக்கும் சட்டம் 1967இல் இயற்றப்பட்டபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே. 1970ஆம் ஆண்டின் கூட்டரசுத் தூய காற்றுச் சட்டம் கார்களின் மாசை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று விதித்தது. தொழில்துறையின் முறையீடுகளால் அதன் காலக்கெடுக்கள் தள்ளிப்போனாலும், 1975 மாதிரிக் கார்களில் வினையூக்கி மாற்றி பரவலாக இடம்பெற்றது. வினையூக்கி மாற்றி என்பது எஞ்சினிலிருந்து வெளிவரும் புகை செல்லும் குழாயில் பொருத்தப்படும் கலம். அதன் உள்ளே பூசப்பட்ட பிளாட்டினம் போன்ற உலோகங்கள் நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன. பெட்ரோலில் கலந்த ஈயம் அந்த உலோகப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அதனோடு சேர்ந்தே வந்தது.

புகையிலுள்ள முக்கியமான மூன்று வகை மாசையும் ஒரே கலத்தில் அடக்கும் அடுத்த தலைமுறை மாற்றி ஒரு கடுமையான நிபந்தனையை உடன் கொண்டுவந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்திலிருந்து கலவை சற்று விலகினாலும் அது தன் வேலையைச் சரிவரச் செய்யாது. ஊசிகளாலும் ஸ்பிரிங்குகளாலும் இயங்கிய பழைய கார்புரேட்டரால் இந்த நுட்பத்தைத் தாங்க முடியவில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய ஆக்சிஜன் சென்சார் 1976இல் கலிபோர்னியாவுக்கென்று தயாரான வால்வோ 240 வகைக் கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. புகையில் ஆக்சிஜன் குறைந்தால், அதாவது பெட்ரோல் மிகுந்தால், அது ஒரு வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தத்தையும், காற்று மிகுந்தால் பூஜ்யத்தை ஒட்டிய மின்னழுத்தத்தையும் தரும். அந்த மின்னழுத்தத்தைப் பார்த்து எரிபொருளைத் திருத்துவது, திருத்தத்தின் விளைவை மீண்டும் பார்ப்பது, மறுபடியும் திருத்துவது என்று இடையறாது சுழலும் இந்த ஏற்பாடு மூடிய சுற்று எனப்பட்டது. அதை நடத்த ஒரு கணினி தேவைப்பட்டது.

வாகனத்தில் சோதனைச் செருகுவாய் அமைக்கும் எண்ணம் அதற்கு முன்பே தோன்றியிருந்தது. வோக்ஸ்வாகன் 1971 முதல் தன் பீட்டில் கார்களில் ஒரு மையச் சோதனைச் செருகுவாயைப் பொருத்தி, பட்டறையில் இருந்த பெரிய இயந்திரத்தோடு அதை இணைத்துச் சோதித்தது. ஆனால் அந்த இயந்திரம் விளக்குகளையும் பேட்டரியையும் ஒயரிங்கையும் வெளியிலிருந்து அளந்ததே தவிர, காருக்குள் அதற்கு விடை சொல்லும் கணினி எதுவும் இல்லை. இச்செருகுவாயை இன்றைய முறைகளின் நேர் மூதாதையாகச் சொல்லும் வழக்கம் உண்டாயினும், அளக்கப்படும் பொருளுக்கும் பேசும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1980இல் கலிபோர்னியாவிலும், 1981 மாதிரிகளில் நாடு முழுவதிலும் தன் பெட்ரோல் கார்களில் கணினிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. எண்ணற்ற கார்கள் வரிசையாகத் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் இடத்தில், ஒவ்வொரு காரின் கணினியும் அதன் சென்சார்களும் சரியாக இணைக்கப்பட்டுள்ளனவா என்பதைச் சில நொடிகளில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அதற்காக அமைந்ததே அசெம்பிளி லைன் டயக்னாஸ்டிக் லிங்க், சுருக்கமாக ஏஎல்டிஎல், எனப்பட்ட அந்தப் பன்னிரண்டு துளைச் செருகுவாய். பட்டறை மெக்கானிக்குக்கு அதில் விடப்பட்ட பங்கு மிக எளியது: ஏ, பி என்று குறிக்கப்பட்ட இரு துளைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டாஷ்போர்டில் உள்ள செக் எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கிப் பழுதுக் குறி எண்களைச் சொல்லும். ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, பின் இரண்டு மினுக்கு என்றால் 12. சோதனை முறை இயங்குகிறது என்பதே அதன் பொருள். எஞ்சின் ஓடும்போது அதே கம்பி இருந்தால், கணினி மூடிய சுற்றில் இயங்குகிறதா இல்லையா என்பதை விளக்கு மெதுவாகவோ விரைவாகவோ மினுக்கிக் காட்டியது. கம்பித் துண்டுக்கு மாறாக அதே இரு துளைகளுக்கும் இடையே பத்தாயிரம் ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் கணினி தன் தரவைத் தடையின்றி அனுப்பத் தொடங்கியது.

அந்தத் தரவு வந்த வேகம் வினாடிக்கு 160 பிட். பிட் என்பது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற மிகச் சிறிய தகவல் அலகு. ஒவ்வொரு பிட்டுக்கும் 6.25 மில்லி வினாடி ஒதுக்கப்பட்டது. கம்பியின் மின்னழுத்தம் ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் கீழிறங்கும். உடனே மேலேறிவிட்டால் அது பூஜ்யம், நெடுநேரம் கீழேயே தங்கினால் அது ஒன்று. எட்டு பிட்டுகளுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் வைத்து ஒன்பது பிட்டுகளை ஒரு சொல்லாக்கினார்கள். எல்லாச் சொற்களும் பூஜ்யத்தில் தொடங்குவதால் இடைவிடாத ஒன்பது ஒன்றுகள் தரவின் நடுவில் வரவே முடியாது. எனவே அந்த ஒன்பது ஒன்றுகளே ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளமாயின. இருபது சொற்கள் கொண்ட ஒரு சுற்றுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். தொழிற்சாலையின் தேவைக்கு இதுவே போதுமானதாக இருந்தது. ஓடும் எஞ்சினில் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் தோன்றி மறையும் கோளாறைத் தேடுபவருக்கு இது போதவில்லை.

அந்தச் சொற்களில் என்ன இருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்கத் தகும். எட்டு பிட்டுகளால் 0 முதல் 255 வரையிலான எண்களை மட்டுமே குறிக்க முடியும் என்பதால், எஞ்சினின் சுழற்சி வேகத்தை 25ஆல் வகுத்துக் கணினி அனுப்பியது. 32 என்ற எண் வந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று கொள்ள வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம் நேரடியாக வராமல் சென்சாரின் மின்னழுத்தமாக வந்ததால் தனியொரு அட்டவணையில் தேடித்தான் அதை அறிய முடிந்தது. ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம், ஆக்சிலரேட்டர் வால்வின் நிலை, வாகனத்தின் வேகம், பேட்டரியின் அழுத்தம் ஆகியவையும் வரிசையில் இருந்தன.

இவற்றைவிட அரியவை இரண்டு எண்கள். கணினி அந்தக் கணத்தில் எரிபொருளைத் திருத்தும் அளவு இன்டெக்ரேட்டர் என்றும், அத்திருத்தங்களிலிருந்து அது காலப்போக்கில் கற்றுத் தன் நினைவில் வைத்துக்கொண்ட அளவு பிளாக் லேர்ன் என்றும் அழைக்கப்பட்டன. இரண்டுக்கும் நடுநிலை 128. அதற்கு மேல் ஏறினால் கணினி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது, அதாவது எங்கோ காற்று கசிந்து நுழைகிறது அல்லது பெட்ரோல் வரத்து குறைந்துள்ளது. கீழிறங்கினால் நிலைமை நேர்மாறு. எந்தப் பழுதுக் குறியும் பதிவாகாத காரிலும், பல வாரங்களாக எஞ்சின் எந்தத் திசையில் பிசகி வருகிறது என்பதை பிளாக் லேர்ன் என்ற ஒற்றை எண் சொல்லிவிடும். விளக்கு மினுக்கும் குறி எண்ணுக்கும் நேரலைத் தரவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. சென்சார் அறவே அறுந்துபோனாலோ நம்பத்தகாத அளவைக் காட்டினாலோதான் குறி பதிவாகும். நம்பத்தகுந்த பொய் சொல்லும் சென்சாரைக் குறி எண் பிடிக்காது. இரவு முழுதும் நின்ற காரில், எஞ்சினைத் தொடங்கும் முன், நீரின் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். தரவில் அவை வெகுவாக வேறுபட்டால் இரண்டில் ஒரு சென்சார் தவறுகிறது என்று தேர்ந்த மெக்கானிக்குகள் உடனே அறிந்தனர்.

ஆயினும் அந்த வரிசையைப் படிப்பதற்குத் திறவுகோல் ஒன்று வேண்டியிருந்தது. எத்தனையாவது சொல் எதைக் குறிக்கிறது என்பது எஞ்சினுக்கு எஞ்சின், ஆண்டுக்கு ஆண்டு மாறியது. ஆகவே கணினியின் நினைவுச் சில்லுக்கு உரிய அடையாள எண்ணையும் தரவின் தொடக்கத்திலேயே அனுப்பி, அதைக் கொண்டு எந்த அட்டவணையைப் பயன்படுத்துவது என்று கருவி முடிவுசெய்யுமாறு அமைத்திருந்தார்கள். அந்த அட்டவணைகள் நிறுவனத்தின் கையில் இருந்தன. 1986 முதல் சில மாதிரிகளில் வேகம் வினாடிக்கு 8192 பிட்டாக உயர்ந்தபோது, கருவி கேள்வி கேட்கவும் கணினி விடை தரவும் வழி பிறந்தது, வேறொரு துளைக்குப் போனது கம்பி, அட்டவணைகளும் மாறின.

மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வழியில் சென்றன. 1980களின் போர்டு கணினிகள் பெரும்பாலும் நேரலைத் தரவை வெளியிடவே இல்லை. அவற்றின் குறி எண்களை முள் வைத்த வோல்ட் மீட்டரை இணைத்து, முள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிப் படிக்க வேண்டியிருந்தது. நேரலை அளவுகளை அறிய விரும்பிய மெக்கானிக், கணினியின் அறுபது கம்பி இணைப்பைக் கழற்றி, இடையில் அறுபது துளைகள் கொண்ட ஒரு பெட்டியைச் செருகி, ஒவ்வொரு துளையிலும் மீட்டர் வைத்துத் தானே அளந்தார். கணினி என்ன பார்க்கிறது என்பதை அந்தப் பெட்டி இவ்வாறு காட்டினாலும், கணினி என்ன முடிவு செய்கிறது என்பதை ஓரளவுக்கே காட்டியது. கிறைஸ்லரில் சாவியை விரைவாக மூன்று முறை திருப்பினால் விளக்கு மினுக்கும். ஹோண்டாவில் கணினிப் பெட்டியின் மேலேயே ஒரு சிறு விளக்கு இருந்தது. நிசான் தன் பட்டறைகளுக்குக் கன்சல்ட் என்ற கருவியைத் தந்தது. கேடிலாக்கின் வழி இவற்றிலெல்லாம் வினோதமானது: 1980களில் அதன் சொகுசுக் கார்கள் சிலவற்றில் ஏசியின் இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால், அறை வெப்பத்தைக் காட்டும் திரையிலேயே பழுதுக் குறிகளும், பின்னைய மாதிரிகளில் எஞ்சினின் நேரலை அளவுகளும் தோன்றின. கருவி எதுவும் வாங்காமல் ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே எஞ்சினைப் படிக்க முடிந்த அந்த ஏற்பாடு தொழிலில் வேரூன்றவில்லை என்பது சற்று வருந்தத்தக்கது.

இந்தச் சிதறலில்தான், கார்க் கணினியின் தரவைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவிகளின் வணிகம் வளர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் வெட்ரானிக்ஸ் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனையகங்களுக்கு டெக் 1 என்ற கைக்கருவியைச் செய்து கொடுத்தது. ஸ்னாப்-ஆன் நிறுவனத்தின் சிவப்பு நிற எம்டி2500, அதன் பருமனால் செங்கல் என்று மெக்கானிக்குகளிடையே பெயர் பெற்று, தனியார் பட்டறைகளில் பரவியது. ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களுக்கும், ஒவ்வோர் ஆண்டின் மாற்றங்களுக்கும் தனித்தனிக் கார்ட்ரிட்ஜ் வாங்கிச் செருக வேண்டியிருந்தது. எல்லாக் கார்களையும் பார்க்க விரும்பிய சிறு பட்டறைக்கு இது ஓயாத செலவாகியதால், கணிசமான கார்கள் விற்பனையகத்துக்கே திரும்பிச் செல்லும் நிலை உருவாயிற்று.

கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் கவலை வேறு. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானாலும் கார் வழக்கம்போல் ஓடும். ஓட்டுநருக்கு அது தெரியாது. ஆகவே 1985இல் வாரியம் ஏற்ற விதி, 1988 மாதிரி முதல் கார்கள் தம் எரிபொருள் முறையையும் சில சென்சார்களையும் தாமே கண்காணித்துப் பழுதை விளக்கால் அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பின்னாளில் ஓபிடி 1 என்று அழைக்கப்பட்ட இவ்விதி செருகுவாயின் வடிவத்தையோ பேச்சு முறையையோ ஒழுங்குபடுத்தவில்லை. வினையூக்கி மாற்றி செயலிழந்தால் அறியவும் அது வகை செய்யவில்லை. இக்குறைகளை உணர்ந்த வாரியம் 1989இல் ஓபிடி 2 விதிகளை வகுத்தது. கூட்டரசு 1990ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் அதை நாடெங்கும் விரிவாக்கி, பழுதுபார்க்கத் தேவையான தகவல் எவருக்கும் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்தது. 1994இல் தொடங்கிய மாற்றம் 1996 மாதிரிகளில் நிறைவுற்றது.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான பதினாறு துளைச் செருகுவாய் ஓபிடி 2இன் கண்கூடான அடையாளம் என்றாலும், வரலாற்றளவில் பெரிய மாற்றம் எண்களில் நிகழ்ந்தது. குளிர்நீரின் வெப்பம் எந்தக் காரிலும் ஒரே எண்ணிட்ட கேள்விக்கு விடையாக வரும். வந்த எண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். சுழற்சி வேகம் இரண்டு சொற்களாக வரும்; சேர்த்து நான்கால் வகுத்தால் போதும். அச்சிட்ட தரநூலில் இருந்த இந்தச் சூத்திரங்கள் நிறுவனங்களின் மறைவான அட்டவணைகளின் இடத்தைப் பிடித்தன. கம்பியில் பேசும் முறையில் மட்டும் சமரசம் மிஞ்சியது: போர்டு ஒன்றையும் ஜெனரல் மோட்டார்ஸ் மற்றொன்றையும் கிறைஸ்லரும் ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்களும் வேறொன்றையும் கைக்கொள்ள விதி இடம் கொடுத்தது, அமெரிக்காவில் 2008 மாதிரிகள் முதல் கேன் எனப்படும் ஒரே முறை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், இந்தியா பாரத் நிலை 4 விதிகளோடு 2010 ஏப்ரலிலும் பின்னர் 2013 ஏப்ரலில் கூடுதல் கண்டிப்போடும் இத்தகைய கண்காணிப்பை ஏற்றன. எரிபொருள் ஊசி முறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியக் கார்களில் வந்துவிட்டதால், இங்கும் இடைக்காலத்துக் கார்கள் பல தத்தம் நிறுவனத்தின் மொழியை மட்டுமே பேசின.

மாற்றக் காலம் ஒரு பொறியையும் விட்டுச் சென்றது. 1994, 1995 மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில் பதினாறு துளைச் செருகுவாய் இருந்தும் உள்ளே பேசியது பழைய ஏஎல்டிஎல் மொழியே. புதிய ஸ்கேனர் அதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் விடை வராது.

பழைய கார்களை மீண்டும் பேசவைத்தவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்கள். மடிக்கணினி மலிவான பிறகு, கசிந்தும் தேடியும் கிடைத்த அட்டவணைகளைத் திரட்டி, ஒரு டிரான்சிஸ்டரும் சில மின்தடைகளும் கொண்ட கம்பியைத் தாமே செய்து, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறும் மடிக்கணினியின் தொடர் வாயிலில் இணைத்தார்கள். வினாடிக்கு 160 பிட் என்ற வேகமும் அந்த அகல வேறுபாட்டுக் குறியீடும் சாதாரணத் தொடர் வாயிலுக்குப் புரியாதவை. வின்ஏஎல்டிஎல் என்ற இலவச மென்பொருள் இதற்குக் கைக்கொண்ட வழி வியப்புக்குரியது. தொடர் வாயில் ஓர் எழுத்தைப் பெறத் தொடக்கம், எட்டு பிட், முடிவு என்று பத்து இடங்கள் தேவை. வாயிலை வினாடிக்கு 1600 பிட்டில் ஓடவிட்டால் ஓர் எழுத்துக்குச் சரியாக 6.25 மில்லி வினாடி ஆகும், அதாவது காரின் ஒரு பிட்டுக்கு ஆகும் அதே நேரம். காரின் ஒவ்வொரு பிட்டையும் ஓர் எழுத்தாகத் தவறாகப் படிக்கும்படி வாயிலை ஏமாற்றி, கிடைத்த எழுத்து எதுவென்று பார்த்து அது பூஜ்யமா ஒன்றா எனத் தீர்மானித்தார்கள். தொழிற்சாலைக்குக் கருவி செய்த பொறியாளர்கள் எண்ணிப் பார்த்திராத நுழைவழி அது.

புதிய கார்களுக்கு இத்தகைய உழைப்பு தேவைப்படவில்லை. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005இல் வெளியிட்ட இஎல்எம்327 என்ற சில்லு ஓபிடி 2இன் எல்லாப் பேச்சு முறைகளையும் எளிய எழுத்துகளாக மாற்றித் தந்தது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு போடப்படாததால் போலிகள் பெருகி, கைப்பேசியோடு இணையும் கருவிகளாக உலகெங்கும் மிக மலிவாக விற்றன. மூல நிறுவனம் 2022இல் தொழிலை மூடிவிட்டது. இந்தச் சில்லுக்கு ஏஎல்டிஎல் தெரியாது. எனவே பதினைந்தாண்டுப் பழைய காரைச் சில நூறு ரூபாய்க் கருவியால் படிக்க முடிகிற இன்றும், முப்பத்தைந்தாண்டுப் பழைய காருக்குச் செங்கல் ஸ்கேனரின் பழைய கார்ட்ரிட்ஜையோ ஆர்வலர்களின் கம்பியையோதான் தேட வேண்டியிருக்கிறது.

கலிபோர்னிய அரசின் புகைச் சோதனை முறையிலும் இதே பிளவைக் காணலாம். 2015 முதல் அங்கே 2000ஆம் ஆண்டு மாதிரியும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் கார்களின் மாசுச் சோதனை செருகுவாயில் கம்பியை இணைத்துக் கணினியைக் கேட்டறிவதாகவே பெரும்பாலும் அமைந்துள்ளது. 1976 முதல் 1999 வரையிலான மாதிரிகளுக்கு மட்டும் இன்னும் புகைக்குழாயில் அளவுகோலைச் செருகிப் புகையையே அளக்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் ஜெனரல் மோட்டார்ஸ் கார், தன் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தத்தை ஒவ்வொரு வினாடியும் சொல்லத் தயாராக இருந்தும், அந்தச் சோதனைச் சாவடியில் அதைக் கேட்கும் கருவி இல்லை.